காவிச் சுவரில் அரிசிக் கோடு: குர்லாவிலிருந்து டஹாணு வரை

மகாராஷ்டிரத்தின் வடமேற்கு மூலையில், குஜராத் எல்லையை ஒட்டி அமைந்த பால்கர் மாவட்டத்தின் வார்லி ஓவியம், இந்தியச் சுவர்க்கலைகளுள் மிகக் குறைந்த பொருளைக்கொண்டு மிகுந்த உயிரோட்டத்தை எட்டிய கலை என்று கருதத்தக்கது. அரைத்த அரிசி, நீர், சிறிது பிசின், நுனியை மென்று நாராக்கிய மூங்கில் குச்சி, காவி பூசிய சுவர் ஆகியவற்றுக்கு மேல் அதற்கு எதுவும் தேவைப்பட்டதில்லை. அதைக் காணவும் படமெடுக்கவும் மும்பைத் தமிழர் ஒருவருக்கு ஆகும் செலவும் எளியதே. குர்லாவில் காலை வண்டி பிடித்து, தாதரில் மேற்கு ரயில்வேக்கு மாறி, டஹாணு ரோடு நிலையத்தில் இறங்கி, ஊரையும் பக்கத்துக் கிராமம் ஒன்றையும் சுற்றிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடும் அந்த ஒருநாள் பயணத்துக்கு இரண்டாம் வகுப்பில் போகவர ரயில் கட்டணம் நூறு ரூபாயை எட்டுவதில்லை.

குர்லாவுக்கும் மின்சார ரயிலுக்கும் உள்ள உறவு நூறாண்டைக் கடந்தது. 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்சார ரயில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் தடத்தில் குர்லா வரை ஓடியது. கோயம்புத்தூர் வண்டி புறப்படும் லோகமான்ய திலக் முனையமும் இங்கேயே இருப்பதால், தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தமிழர்களுக்குக் குர்லா என்றால் ஊருக்குப் போகும் வாசல் என்ற எண்ணமே முதலில் எழுகிறது. வடக்கே செல்லும் வழி அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. சயன், மாதுங்கா கடந்து மூன்றாம் நிலையமான தாதரில் இறங்கி, பாலம் ஏறி மேற்கு ரயில்வே நடைமேடைக்கு மாறினால் அந்த வழி திறந்துவிடுகிறது. சர்ச்கேட்டிலிருந்து 60 கிலோமீட்டரில் விராரோடு நின்றிருந்த புறநகர் மின்ரயில் சேவை 2013ஆம் ஆண்டு டஹாணு ரோடு வரை, அதாவது 124 கிலோமீட்டர் தொலைவுக்கு, நீட்டிக்கப்பட்டது. நேரடி வண்டிகள் குறைவு என்பதால் விரார் வரை ஒரு லோக்கலில் போய், அங்கே டஹாணு வண்டிக்கு மாறுவதே பலருக்கும் தோதாக இருக்கிறது. காலையில் கூட்டம் நகரை நோக்கி வரும்போது இந்தப் பயணம் எதிர்த்திசையில் போகிறது, மாலையிலும் அவ்வாறே எதிர்த்திசையில் திரும்புகிறது; ஆகவே மும்பை லோக்கலில் அரிதினும் அரிதான சன்னலோர இருக்கைகூடக் கிடைக்க வாய்ப்புண்டு. பயந்தருக்கும் நாய்காவுக்கும் இடையில் வசாய் கழிமுகப் பாலமும், விராருக்கு அப்பால் வைதர்ணா ஆற்றுப் பாலங்களும் கடந்த பிறகு கட்டடங்கள் ஒதுங்கி, நெல்வயலும் பனையும் ஈச்சமரமும் தொடங்குகின்றன. பார்க்கப்போகும் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவையே என்பதால், சஃபாலே, கேள்வே ரோடு, பால்கர், போய்சர், வாண்காவ் என்று நிலையங்கள் கழியும் அந்த நேரத்தை ஓவியத்துக்கான முன்னுரையாகவே கொள்ளலாம்.

வார்லிகள் டஹாணு, தலாசரி, ஜவ்ஹார் வட்டாரங்களிலும் எல்லைக்கு அப்பாலும் வாழும் பழங்குடி உழவர்கள். கார்வி என்னும் புதர்ச்செடியின் தண்டுகளை நெருக்கிக் கட்டி, அதன்மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி எழுப்பிய வீடுகளின் உட்சுவரே இக்கலை பிறந்த இடம். திருமணத்தின்போது அச்சுவரில் காவி மண் பூசி, ‘லக்ன சௌக்’ எனப்படும் மணச்சதுரத்தை வரைவார்கள். சௌக் என்பது நாற்புறமும் அடுக்கடுக்கான ஓரப்பட்டைகளால் சூழப்பட்ட சதுரம். அதனுள் வளத்துக்கும் பிறப்புக்கும் உரியவளான பாலகட் தேவி நிற்பாள். சூரியன், நிலவு, சீப்பு, ஏணி போன்றவை அவளைச் சூழ இடம்பெறும். இதை வரையும் உரிமை கணவன் உயிரோடிருக்கும் பெண்களுக்கு, அதாவது சுமங்கலிகளுக்கு, மட்டுமே மரபாக உரியது. மணச்சடங்கை நடத்திவைக்கும் தவலேரி என்னும் மூத்த பெண்ணின் பாட்டும், சௌக்கும் இல்லாமல் திருமணம் நிறைவுறாது.

தமிழ் வீடுகளில் மாக்கோலம் இட்டுப் பழகிய எவருக்கும் இந்த விவரங்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து, மோதிர விரல் வழியாக இழையிழையாக வடியவிட்டு, ஓரத்தில் காவிப்பட்டை கட்டி முடிக்கும் மாக்கோலமும் சுமங்கலிகளின் கையால் மணவீட்டில் இடப்படுவதே. அரிசியின் வெண்மையும் மண்ணின் காவியும் இரண்டிலும் ஒன்றே. தரை, சுவர் என்ற வேறுபாட்டைக் காட்டிலும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. கோலம் தன் கோட்டை மூடி, புள்ளிகளைச் சுற்றி வளைத்து, உருவம் இல்லாத ஒழுங்கைத் தேடுகிறது. வார்லிக் கோடோ சதுரத்தின் நடுவே தேவியை அமர்த்திவிட்டு, வெளியே உழவையும் மீன்பிடிப்பையும் ஆட்டத்தையும் தேடிப் போய்விடுகிறது. மாதுங்காவின் வாசற்கோலங்களையும் தாராவிச் சந்துகளில் பொங்கலன்று விரியும் வண்ணக் கோலங்களையும் கண்டு வளர்ந்த கண்ணுக்கு வார்லிச் சுவரின் முன் ஓர் அனுகூலம் இருக்கிறது: கை நடுங்கிய இடத்தையும், மாவு தீர்ந்து மீண்டும் தோய்த்த இடத்தையும் அது தானாகவே கண்டுகொள்ளும்.

இந்த மணச்சதுரத்தின் அழகை, அது வரையப்பட்ட வீடுகளின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பேசுவது முறையன்று. திருமணச் செலவுக்காக நிலக்கிழாரிடம் கடன்பட்ட வார்லி, அக்கடனுக்கு ஈடாக அவரது பண்ணையில் ஆயுளுக்கும் அடிமையாக உழைக்கும் ‘லக்ன கடி’ என்னும் கொடிய முறை இவ்வட்டாரத்தில் நிலவியது. மனைவியும் பிள்ளைகளும்கூட அதிலிருந்து தப்பவில்லை. 1945இல் கோதாவரி பருலேகரும் ஷாம்ராவ் பருலேகரும் உழவர் அமைப்பான கிசான் சபையின் வழியே திரட்டிய வார்லிகளின் எழுச்சியே அந்தக் கொத்தடிமைத்தனத்தை உடைத்தது. அந்நாள்களைப் பற்றிக் கோதாவரி மராத்தியில் எழுதிய நூல் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஒரு திருமணம் ஒரு மனிதனை வாழ்நாள் முழுதும் அடிமையாக்கிய காலத்திலும், உண்பதற்கே போதாத அரிசியில் ஒரு பிடியை அரைத்துத் தேவியை வரைந்த பெண்களின் கை எத்தகையது என்பதை, டஹாணு மண்ணில் இறங்கும் ரசிகர் அறிந்திருப்பது நல்லது.

வார்லி உருவத்தின் இலக்கணம் மூன்றே வடிவங்களில் அடங்குகிறது. வட்டம் சூரியனிலிருந்தும் நிலவிலிருந்தும், முக்கோணம் மலையிலிருந்தும் கூம்பிய மரங்களிலிருந்தும் வந்தவை என்பது வழக்கமான விளக்கம்; சதுரம் மட்டும் மனிதர் வகுத்துக்கொண்ட புனித எல்லை. மனித உடல் என்பது நுனியோடு நுனி தொடும் இரு முக்கோணங்கள். மேல் முக்கோணம் தலைகீழாக நின்று தோளாகிறது, கீழ் முக்கோணம் நேராக நின்று இடுப்பாகிறது, இரண்டும் சந்திக்கும் ஒற்றைப் புள்ளி இடையாகிறது. அந்தப் புள்ளியில்தான் கலைஞரின் தேர்ச்சி முழுவதும் குவிகிறது. நுனிகள் தொடாமல் சற்றே விலகினால் உடல் இரண்டு துண்டாகிவிடும். கூடுதலாக ஒட்டினால் இடை தடித்து உருவம் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். நுனிகள் சரியாகத் தொட்டு, மேல் முக்கோணம் மட்டும் ஓரிரு பாகை சாய்ந்திருக்கும்போது அந்த மனிதன் கலப்பையை அழுத்துகிறான், அந்தப் பெண் குடத்தைத் தூக்கக் குனிகிறாள், ஏணியில் பனையேறுபவர் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறார். கண், மூக்கு, வாய் எதுவும் வரையப்படாத வட்டத் தலையில், கொண்டையைக் குறிக்கும் சிறு வட்டம் ஒன்று சேர்ந்தால் அது பெண். முகபாவம் என்று ஒன்று இல்லாமலேயே களைப்பும் களிப்பும் சாய்வினால் மட்டும் புலப்படுகின்றன என்பதே இக்கலையின் தலையாய சாதனை.

இவ்விலக்கணம் முழு வீச்சில் வெளிப்படும் காட்சி தார்ப்பா நடனம். தார்ப்பா என்பது சுரைக்குடுக்கையும் மூங்கிலும் பனையோலையும் சேர்த்துச் செய்யப்படும் நீண்ட ஊதுகருவி. அதை வாசிப்பவர் நடுவில் நிற்க, ஆடுவோர் ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிச் சுருள்வட்டமாக அவரைச் சுற்றுவார்கள். ஆடுவோர் தார்ப்பாக்காரருக்கு முதுகு காட்டுவதில்லை. ஓவியத்தில் இச்சுருளுக்கு மேல் கீழ் கிடையாது. சுருளின் மேற்பகுதியில் இருப்பவர் நேராகவும், அடிப்பகுதியில் இருப்பவர் நம் கண்ணுக்குத் தலைகீழாகவும் நின்றாலும், எல்லோரும் அந்த ஒலியை நோக்கியே நிற்கிறார்கள் என்பதால் தலைகீழ் என்னும் உணர்வே எழுவதில்லை. சுருளின் வெளிமுனையிலிருந்து உள்நோக்கி ஒவ்வோர் உருவமாகக் கண்ணை நகர்த்திப் பார்த்தால், தேர்ந்த கையில் பிறந்த சுருளில் உருவங்களின் அளவும் இடைவெளியும் மெல்லக் குறைந்துகொண்டே போவதும், அதனால் ஆட்டத்தின் வேகம் நடுவை நோக்கிக் கூடுவதுபோல் தோன்றுவதும் தெரியவரும்.

உட்சுவரில் இருந்த கலை தெருவுக்கு வந்த வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டினது. பீகார் பஞ்சக் காலத்தில் கைவினைக் கலை ஆர்வலர் பூபுல் ஜெயகரால் மிதிலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே சுவரில் வரைந்துகொண்டிருந்த பெண்களிடம் தாளைக் கொண்டுசேர்த்த ஓவியர் பாஸ்கர் குல்கர்னியே, 1970களின் தொடக்கத்தில் வார்லிக் கிராமங்களுக்கும் தாளோடு வந்தார். டஹாணு வட்டத்துக் கஞ்சாட் கிராமத்தைச் சேர்ந்த ஜிவ்யா சோமா மாஷே (1934–2018) அப்போது வெளிச்சத்துக்கு வந்தார். சிறுவயதில் தாயை இழந்த அதிர்ச்சியில் பேச்சை விட்டு, மண்ணில் கோடு கிழித்துத் தன் எண்ணத்தைச் சொன்ன பிள்ளை அவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் பலரும் குறித்திருக்கின்றனர். சடங்கின் தேவை இல்லாமல், நாள்தோறும் வரைந்த முதல் வார்லி ஆண்களுள் அவர் முதன்மையானவர். 1976இல் தேசிய விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. 1989இல் பாரிஸில் நடந்த புகழ்பெற்ற ‘மண்ணின் மந்திரவாதிகள்’ கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. 2003இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் பிரிட்டிஷ் கலைஞர் ரிச்சர்ட் லாங்கின் படைப்புகளோடு இணைத்துக் காட்டப்பட்டன. அவரது மீன்வலை ஓவியங்கள், ஆயிரக்கணக்கான நுண்கோடுகளால் தாள் முழுவதும் வலையை விரித்து, மனிதரை அதன் ஓரத்தில் சிற்றுருவாக நிறுத்துபவை. இந்திய ஓவியத்தின் பெருஞ்சாதனைகளுள் அவற்றை வைத்து எண்ணுவதில் மிகை ஏதுமில்லை.

ஆயினும் இந்த வரலாற்றில் ஓர் இழப்பும் கலந்திருக்கிறது. சுவரில் இருந்தவரை பெண்களுடையதாக இருந்த கலை, தாளுக்கும் விற்பனைக்கும் வந்தபோது பெரும்பாலும் ஆண்களின் பெயரில் அறியப்படலாயிற்று. தலைமுறை தலைமுறையாக மணச்சதுரம் வரைந்த பெண்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. மாஷேயின் மேதைமையைக் குறைத்துக் காண இது காரணமாகாது. ஆனால் அவர் கற்ற கோடு யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை மறக்காமல் அவரைப் போற்றுவதே நேர்மையான ரசனை.

இன்று பால்கர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பள்ளிச் சுற்றுச்சுவர், அலுவலக மதில், விடுதி முகப்பு என எங்கு வேண்டுமானாலும் வார்லி உருவங்கள் ஆடுகின்றன. அரிசியும் சாணமும் போய், காவி நிறப் பெயின்டின் மேல் வெள்ளை அக்ரிலிக்கில் அவை வரையப்படுகின்றன. இவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டு, ‘அசல்’ வேண்டும் என்று கிராமத்துக் குடிசைகளை மட்டும் தேடிப்போகும் பழக்கம் ஆய்வாளர்களிடமும் உண்டு, சுற்றுலாப் பயணிகளிடமும் உண்டு. அது சரியான அணுகுமுறை அன்று. தெருச்சுவர் வார்லி தனிவகைக் கலை. அதற்குரிய அளவுகோலால் அதை மதிப்பிட வேண்டும். ஸ்டென்சில் தகட்டை ஒற்றி வரைந்த சுவரில் எல்லா உருவங்களும் ஒரே சாய்வில், ஒரே அளவில் வரிசைகட்டி நிற்கும். இடைப்புள்ளிகள் எல்லாம் ஒரே தடிப்பில் இருக்கும். கையால் வரைந்த சுவரில் எந்த இருவரும் ஒரே மாதிரி குனிவதில்லை. மேலும் தேர்ந்த கலைஞர் சுவரின் குறைகளைத் தம் வசமாக்கிக்கொள்வார்: வெடிப்பு மரக்கிளையாகும், தண்ணீர்க் குழாய் பனந்தண்டாகும், மதில் படிப்படியாக இறங்கும் இடத்தில் மாட்டுவண்டியும் இறங்கும்.

பெருநகரச் சுவரோவியங்களோடு இதை ஒப்பிட்டால் இதன் இயல்பு தெளிவாகும். சென்னைக் கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2020இல் ஒருங்கிணைத்த ஓவியங்கள் அடுக்குமாடியின் முழுப் பக்கச்சுவரையும் ஒரே பெருங்காட்சியால் நிறைப்பவை. தொலைவிலிருந்து காண்பதற்கு உரியவை. குர்லாவுக்கு அருகிலுள்ள அசல்பா குன்றின் வீடுகள் 2017இன் இறுதியில் பளிச்சிடும் வண்ணங்கள் பெற்றதும் மெட்ரோ ரயிலில் செல்வோர் தொலைவிலிருந்து காண்பதற்கு உரியதாகவே இருந்தது. அதே ஆண்டு உள்ளூர் ஓவியர்களே வரைந்து நிறைத்த, பீகாரின் மதுபனி ரயில் நிலையம்தான் வார்லிச் சுவருக்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் உருவங்கள் கைநீட்டித் தொடும் தூரத்தில் நின்று படிக்கப்பட வேண்டியவையாய் இருக்கின்றன. ஆகவே வார்லிச் சுவரைப் படமெடுப்பவர் முதலில் கருவியைப் பையில் வைத்துவிட்டு, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து படித்துவிடுவதே முறை.

படமெடுப்பதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது வெளிச்சத்தின் அளவு. காவிப் பரப்பு சுவரில் பெரும்பங்கு என்பதால், தானியங்கிக் கருவி காட்சியை இருண்டது என்று கணக்கிட்டுக் கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது; விளைவாகக் காவி வெளிறி, வெள்ளைக் கோடு பூத்துப் பரவி, இடைப்புள்ளி தடித்துப்போகிறது. கைப்பேசியில் வெள்ளைக் கோட்டின் மேல் விரலால் தொட்டு, தோன்றும் ஒளியளவைச் சற்றே கீழிறக்கினால் கோடு தன் கூர்மையை மீட்டுக்கொள்ளும். இரண்டாவது கோணம். சுவருக்குச் சாய்வாக நின்றோ கருவியை அண்ணாந்து பிடித்தோ எடுத்தால் முக்கோணங்களின் பக்கங்கள் கோணி, கலைஞர் கொடுக்காத சாய்வு ஒன்று உருவத்துக்கு வந்துவிடும். சாய்வே பொருளாக உள்ள கலையில் இது பெரும் பிழை. சுவருக்கு நேரெதிரே, கருவியைச் சுவருக்கு இணையாகப் பிடித்து, கைப்பேசியின் அகலக்கோண வில்லையைத் தவிர்த்துச் சற்றுப் பின்வாங்கி நிற்பதே தீர்வு. மூன்றாவது நேரம். சாணம் மெழுகிய சுவரில் காலை ஒன்பது மணி வாக்கில் பக்கவாட்டில் விழும் வெயில், மெழுகிய கையின் விரல்தடங்களையும் அரிசிக்கோட்டின் மெல்லிய புடைப்பையும் நிழலால் எடுத்துக்காட்டும். மூங்கில் குச்சி மாவில் தோய்ந்தவுடன் தடித்துத் தொடங்கி, மாவு தீரத் தீர இளைத்து முடியும் கோட்டின் போக்கு அந்த வெளிச்சத்தில்தான் முழுமையாகத் தெரியும். அக்ரிலிக் சுவருக்கு அவ்வெயில் தேவையில்லை. பளபளப்பு இல்லாத நிழற்பொழுதே அதற்கு உகந்தது. எனவே குர்லாவில் விடியுமுன் முதல் வண்டிகளில் ஏறுபவர், காலை வெயிலில் கிராமத்து மண்சுவர்களையும், நடுப்பகலுக்குப் பின் நிழல் விழுந்த பக்கத்து ஊர்மதில்களையும் எடுத்துக்கொள்ளும்படி நாளை வகுத்துக்கொள்ளலாம்.

நிலையத்திலிருந்து கிராமங்களுக்கு எஸ்.டி. எனப்படும் அரசுப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் செல்கின்றன. கட்டுச்சோறு கொண்டுபோனால் செலவு அதோடு முடிந்தது. ஊருக்குள் டஹாணு–கோல்வட் சப்போட்டா மலிவாகக் கிடைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் வெளிச்சுவரின் அரிசிக்கோடு கரைந்துபோகும் என்பதால், நெல் அறுவடை முடிந்து புதிதாக மெழுகிய சுவர்கள் காணக்கிடைக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையான மாதங்களே சிறந்தவை. தெருவை நோக்கிய சுவர் எவர் கண்ணுக்கும் உரியது. வீட்டின் உள்ளே இருக்கும் மணச்சதுரம் அப்படிப்பட்டதன்று. மணவீட்டார் தாமாக அழைத்துக் காட்டினாலன்றி அதைப் படமெடுக்க முனைவது, பூசையறைக்குள் செருப்போடு நுழைவதற்கு ஒப்பாகும்.

வார்லி ஓவியத்துக்கு 2014இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவ்வோவியம் எந்த வட்டாரத்துக்கு, எந்த மக்களுக்கு உரியது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் குறியீடு சமூகத்தின் பெயரைக் காக்குமே தவிர, தனிக் கலைஞரின் பெயரைச் சுவரில் எழுதித் தராது. ஊர்மதில்களில் பெரும்பாலானவை கையொப்பம் இல்லாதவை. அவற்றை வரைந்தவர் யார் என்று பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டால் பல வேளைகளில் விடை கிடைக்கும், சில வேளைகளில் வரைந்தவரே அங்கு அமர்ந்திருப்பார். படத்தோடு ஊர், தெரு, ஆண்டு, அரிசியா அக்ரிலிக்கா என்ற விவரம், வரைந்தவரின் இசைவு இருப்பின் அவர் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்பவர், அடுத்த ஆண்டு புதுப்பூச்சில் மறைந்துவிடக்கூடிய சுவர் ஒன்றுக்கு ஓர் ஆவணத்தை உருவாக்குகிறார். வரைந்தவர் பெண்ணாக இருந்தால் அக்குறிப்பின் மதிப்பு இன்னும் கூடுதல்; லக்ன சௌக் வரைந்தவர்களின் நீண்ட வரிசையில் எழுத்தில் பதிந்த பெயர்கள் மிகச் சிலவே.